உறை மேல் ஒட்டிய படம்: ஈஸ்டர் சீல்ஸ் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் நீக்கி, கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் வீட்டுக் கதையில ஆரம்பிச்சு, அமெரிக்காவுல ஒரு சின்ன ஊருக்குப் போய், மறுபடி வீட்டுக்கே வரும். கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

என் அக்கா பையனுக்கு இப்போ மூணு வயசு. வீட்ல எல்லாரும் 'குட்டி'ன்னு கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே வச்சுக்கலாம். ஆறாவது மாசம் வந்தும் அவனுக்குத் தலை சரியா நிக்கல. அக்கா கவலைப்பட்டப்போ வீட்டுப் பெரியவங்க சொன்னது, "ஆம்பளப் பசங்க எல்லாமே லேட்டாதான் செய்வாங்க." ஒரு டாக்டரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார், "ஒரு ஆறு மாசம் பார்க்கலாம்." பார்த்தோம். அப்புறம் இன்னொரு ஆறு மாசம் பார்த்தோம். பதினெட்டாவது மாசம்தான் வேற ஒரு டாக்டர் செரிபிரல் பால்ஸின்னு பெயர் சொன்னார். மூளை முடக்குவாதம். அன்னைக்கே தெரபிக்கு அனுப்பினார். அங்கே தெரபிஸ்ட் கேட்ட முதல் கேள்வி, "ஏன்மா, முன்னாடியே வரலையா?"

எங்களுக்காவது சம்பளம் இருக்கு, வண்டி இருக்கு. அந்தத் தெரபி சென்டரோட வெயிட்டிங் ஹால்ல அக்காவுக்கு ஒரு தோழி கிடைச்சாங்க. திருத்தணி பக்கத்துலேர்ந்து குழந்தையை இடுப்புல தூக்கிக்கிட்டு மின்சார ரயில்ல வருவாங்க, இறங்கி பஸ் மாறுவாங்க. ஃபீஸ்ல பாதியை சென்டரே தள்ளுபடி பண்ணிட்டாங்க. ஆனா ரயில் காசு, பஸ் காசு, அன்னைக்குப் போகாம விட்ட கூலி, இதையெல்லாம் யார் தள்ளுபடி பண்றது? வாரத்துக்கு மூணு நாள் வரச் சொன்னா ரெண்டு நாள் வந்தாங்க. அப்புறம் ஒரு நாள். அப்புறம் வரவே இல்ல.

அதைக் கேட்டுத்தான் நானும் ஆபீஸ் நண்பர்கள் மூணு பேரும் ஒரு சின்ன டிரஸ்ட் ஆரம்பிக்கலாம்னு முடிவு பண்ணோம். மூணு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைகளோட தெரபிக்கும் போக்குவரத்துக்கும் பணம் கொடுக்கிறது மட்டும்தான் வேலை. ஒரு சனி, ஞாயிறுல வெப்சைட் ரெடி. முகப்புல குட்டியோட ஒரு போட்டோ. காலில் பிரேஸ் போட்டுக்கிட்டு, சுவரைப் பிடிச்சு நின்னுக்கிட்டு கேமராவைப் பார்க்கிற படம். யார் பார்த்தாலும் மனசு இளகும். அக்காகிட்ட பெருமையா காட்டினேன்.

"டேய், அவன் போட்டோவை எடுத்துடு."

"ஏன்க்கா? இது இருந்தாதான் பணம் வரும்."

"பத்து வருஷம் கழிச்சு அவன் படிக்கக் கத்துக்கிட்டு இதைப் பார்ப்பான்ல? 'எங்க மாமா என்னை இப்படித்தான் காட்டினாரா'ன்னு கேட்டா நீ பதில் சொல்லு."

எனக்குக் கோபம் வந்தது. நல்லதுக்குத்தானே செய்யறோம்? அந்த வாரம் முழுக்க, இதே மாதிரி பணம் திரட்டினவங்க முன்னாடி என்ன பண்ணாங்கன்னு தேடினேன். என் பக்கம் நியாயம் இருக்குன்னு அக்காவுக்குக் காட்டணும், அதுதான் நோக்கம். அப்படித் தேடும்போது கிடைச்ச கதைதான் இன்னைக்கு எபிசோட்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விளக்கம். 'ஆரம்பநிலை இடையீடு'ன்னு அரசு ஆவணங்களில் ஒரு சொல் வரும். பிறந்ததிலிருந்து முதல் சில வருடங்களுக்குள், குழந்தையின் வளர்ச்சியில் தாமதமோ குறைபாடோ தெரிந்தால் உடனே தொடங்கும் உதவிகள் எல்லாம் சேர்ந்ததுதான் அது. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, காது கேட்கும் கருவி, பெற்றோருக்குப் பயிற்சி எல்லாம் இதில் அடங்கும். இந்தச் சொல்லில் முக்கியமான பகுதி 'ஆரம்பநிலை'. அதே தெரபியை ஆறு வயசில் கொடுப்பதும் ஒரு வயசில் கொடுப்பதும் ஒண்ணு இல்ல. இதை உலகம் புரிஞ்சுக்க ரொம்ப காலம் ஆச்சு. அந்தக் கதையும் வரும்.

இப்போ அமெரிக்காவுக்குப் போவோம். ஒஹையோ மாநிலம், எலிரியா என்கிற சின்ன ஊர். 1907 மே 30. போரில் இறந்த வீரர்களை நினைவுகூரும் விடுமுறை நாள். அன்று அங்கே டிராம் வண்டிகள் மோதிக்கொண்டன. அடிபட்டவர்களில் ஹோமர் ஆலன் என்ற பதினெட்டு வயசுப் பையனும் ஒருவன். ஊரில் முறையான மருத்துவமனை கிடையாது. பையன் பிழைக்கவில்லை.

அவனுடைய அப்பா எட்கர் ஆலன் ஒரு தொழிலதிபர், மர வியாபாரம். மகன் இறந்த பிறகு தொழிலை விற்றுவிட்டு, ஊருக்கு ஒரு மருத்துவமனை கட்டப் பணம் திரட்ட இறங்கினார். அடுத்த வருடமே, 1908-ல், எலிரியா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. பொதுவாக இந்த மாதிரிக் கதைகள் இங்கேயே முடிந்துவிடும். கல்வெட்டு, ரிப்பன், கைதட்டல்.

ஆனால் மருத்துவமனை வந்த பிறகுதான் ஆலனுக்கு வேறொரு விஷயம் தெரியவந்தது. அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் கால் வளைந்த, முதுகு வளைந்த, போலியோவால் நடக்க முடியாமல் போன குழந்தைகள் நிறைய இருந்தார்கள். யார் கண்ணிலும் படாமல் இருந்தார்கள். பெற்றோர்கள் வெளியே காட்டுவதில்லை. வெட்கம், பயம், 'நம்ம தலையெழுத்து' என்ற எண்ணம். இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கு இல்லையா? கல்யாண வீட்டுக்கு ஒரு பிள்ளையை மட்டும் கூட்டிக்கிட்டு வராத குடும்பம் உங்களுக்கும் ஒண்ணு தெரிஞ்சிருக்கும்.

1915-ல் அதே ஊரில் அந்தக் குழந்தைகளுக்கென்றே கேட்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. கட்டடம் வந்துவிட்டது. ஆனால் குழந்தைகள் தாங்களாக வர மாட்டார்கள். அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், பெற்றோரைச் சம்மதிக்க வைக்க வேண்டும், கூட்டிவர வேண்டும், வீட்டுக்குத் திரும்பிய பிறகும் போய்ப் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் தொடர்ந்து பணம் வேண்டும். கட்டடத்துக்கு நன்கொடை கொடுப்பவர் பெயர் கல்வெட்டில் இருக்கும். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறவரின் சம்பளத்துக்குக் கல்வெட்டு கிடையாது.

இந்த வேலைக்காகத்தான் 1919-ல், ரோட்டரி சங்கத்து நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, ஆலன் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதன் பெயரை அன்றைய ஆங்கிலத்திலிருந்து அப்படியே சொன்னால் 'முடமான குழந்தைகளுக்கான ஒஹையோ சங்கம்'. இன்றைக்கு அந்த வார்த்தையை நாம் சொல்ல மாட்டோம். அன்று சட்டத்திலும் பத்திரிகையிலும் அதுதான் சொல். இரண்டே வருடத்தில் அது தேசிய அளவில் விரிந்தது. 1922-ல் சர்வதேசச் சங்கமும் உருவானது. ரோட்டரியை நிறுவிய பால் ஹாரிஸும் இதில் முன்நின்று உழைத்தார். ஆலனை எல்லோரும் 'டாடி ஆலன்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மகனை இழந்தவருக்கு ஊர் கொடுத்த பெயர்.

சரி, பணம்? பணக்காரர்களின் கடிதத்தை நம்பி ஒரு சங்கம் எத்தனை வருஷம் ஓடும்? 1929-ல் பங்குச்சந்தை விழுந்தது, பெருமந்தம் வந்தது. அந்த நேரத்தில் இவர்களுக்குக் கை கொடுத்தது ஒரு டென்மார்க் தபால்காரரின் யோசனை.

இங்கே கொஞ்சம் பின்னால் போகணும். 1904-ல் டென்மார்க்கில் ஐனர் ஹோல்போல் என்ற தபால் ஊழியர், கிறிஸ்துமஸ் சமயத்தில் மலை மாதிரிக் குவிகிற கடிதங்களைப் பார்த்து யோசித்தார். ஒவ்வொரு உறையிலும் தபால்தலையோடு கூடுதலாக ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்டச் சொல்லி, அந்தக் காசைக் காசநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தால் என்ன? நடந்தது. 1907-ல் அமெரிக்காவில் எமிலி பிஸ்ஸெல் என்பவர் அதே யோசனையை எடுத்து, ஒரு சென்ட்டுக்கு ஒன்று என்று கிறிஸ்துமஸ் சீல்களை விற்றார். காசநோய் மருத்துவமனை ஒன்றுக்கு 300 டாலர் தேவைப்பட்டது. வந்தது அதைப்போல் பத்து மடங்கு.

ஆலனின் சங்கம் 1934-ல் இதையே ஈஸ்டர் பண்டிகைக்கு எடுத்துக்கொண்டது. கிளீவ்லாண்ட் நகரப் பத்திரிகையில் கார்ட்டூன் வரைந்துகொண்டிருந்த ஜே. ஹெச். ஃப்ரெண்ட் என்பவர் முதல் முத்திரையை வடிவமைத்தார். வெள்ளைச் சிலுவைக்கு முன்னால், காலில் பிரேஸ், கையில் ஊன்றுகோல்களோடு ஒரு சிறுவன். நன்கொடை கொடுத்தவர்கள் அதைத் தங்கள் கடித உறைகளில் ஒட்டினார்கள். வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்த காலம். பெரிய தொகை யாரிடமும் இல்லை, ஆனால் ஒரு சென்ட் எல்லோரிடமும் இருந்தது. காலப்போக்கில் அந்த முத்திரை அவ்வளவு பிரபலமாகி, 1967-ல் சங்கமே அதன் பெயரை எடுத்துக்கொண்டது. இன்று அது ஈஸ்டர்சீல்ஸ்.

நான் போட்டோ வைத்த வெப்சைட் ஞாபகம் இருக்கா? அந்த முத்திரைச் சிறுவனும் சுவரைப் பிடிச்சு நின்ன குட்டியும் ஒரே படம்தான். பிரேஸ் உட்பட. இந்த இடம் வரைக்கும் படிச்சப்போ எனக்கு ஒரே சந்தோஷம். 'பார்த்தியாக்கா, 1934-லேயே இதைத்தான் பண்ணியிருக்காங்க'ன்னு சொல்லலாம்னு நினைச்சேன். அவசரப்பட்டுட்டேன். அதுக்கு அப்புறம் வருவோம்.

முத்திரை வந்த அடுத்த வருடம், 1935 ஆகஸ்ட் 14-ல், அதிபர் ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அவரே போலியோவால் கால்களின் பலத்தை இழந்தவர். அந்தச் சட்டம் முதியோர் ஓய்வூதியத்துக்காகத்தான் பெயர் பெற்றது. ஆனால் அதன் ஐந்தாம் பகுதியில் உடல் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான சேவைக்கு என்று தனியாக ஓராண்டுக்கு 28.5 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. எந்தெந்தச் சேவைகளுக்கு என்ற பட்டியலில் முதலாவது எது தெரியுமா? அறுவை சிகிச்சை இல்லை, மருத்துவமனை இல்லை. குழந்தைகளைத் தேடிக் கண்டுபிடிப்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஒரு சங்கத்தால் மட்டும் ஒரு சட்டம் வந்துவிடாது. பல மாநிலங்களில் பலர் உழைத்தார்கள். ஆனால் கதவைத் தட்டுவதுதான் முதல் வேலை என்று எலிரியாவில் ஆலன் கற்றுக்கொண்டது, தேசத்தின் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. இரண்டு வருடம் கழித்து, 1937-ல், அவர் இறந்தார்.

கண்டுபிடிப்பது என்பது ஏற்பட்டாச்சு. ஆனா எந்த வயசில் கண்டுபிடிக்கணும்? அன்றைய சங்கங்கள் பெரும்பாலும் எலும்பையும் தசையையும்தான் பார்த்தன. மூளை வளர்ச்சி தாமதமான குழந்தையைப் பற்றி, 'அது பிறவியிலேயே அவ்வளவுதான், மாறாது' என்பதே அன்றைய விஞ்ஞானத்தின் தீர்ப்பு. அதில் ஓட்டை போட்டது அயோவா மாநிலத்தில் தற்செயலாக நடந்த ஒரு சம்பவம்.

1930-களின் நடுப்பகுதி. டேவன்போர்ட் நகரத்து அனாதை விடுதி ஒன்றில் ஹெரால்ட் ஸ்கீல்ஸ் என்ற உளவியலாளர் வேலை பார்த்தார். அங்கே குழந்தைகள் அதிகம், ஆட்கள் குறைவு. கைக்குழந்தைகள் நாள் முழுக்கத் தொட்டிலில் கிடந்தார்கள். ஒன்றரை வயசைக்கூடத் தொடாத இரண்டு பெண் குழந்தைகள் எதற்கும் அசையாமல் கிடந்தார்கள். இவர்களுக்கு எதிர்காலமே இல்லை என்று முடிவு செய்து, அறிவு வளர்ச்சி குறைந்த பெண்கள் தங்கியிருந்த ஒரு காப்பகத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

சில மாதம் கழித்து ஸ்கீல்ஸ் அங்கே போனார். இரண்டு குழந்தைகளும் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். என்ன நடந்தது? அந்தக் காப்பகத்துப் பெண்கள் இவர்களைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பேசினார்கள், கொஞ்சினார்கள், பொம்மை செய்து கொடுத்தார்கள். உலகம் 'தேறாது' என்று ஒதுக்கிய பெண்கள், உலகம் 'தேறாது' என்று ஒதுக்கிய குழந்தைகளை வளர்த்துவிட்டார்கள்.

ஸ்கீல்ஸ் இதைத் திட்டமிட்டுச் செய்து பார்த்தார். மூன்று வயசுக்குட்பட்ட 13 குழந்தைகள் இப்படி அனுப்பப்பட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, விடுதியிலேயே இருந்த 12 குழந்தைகள். முதல் குழுவின் ஐ.க்யூ. சராசரியாக 25 புள்ளிகளுக்கும் மேல் கூடியது. இரண்டாவது குழுவில் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. 1939-ல் இதை வெளியிட்டபோது, துறையின் பெரிய தலைகள் நம்பவில்லை, கடுமையாகத் தாக்கினார்கள். எண்ணிக்கை சின்னது என்பது உண்மைதான். குழந்தைகளை இப்படி வைத்து ஆய்வு செய்ய இன்று எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காது என்பதும் உண்மை.

ஸ்கீல்ஸ் விடவில்லை. அந்தக் குழந்தைகள் பெரியவர்களான பிறகு ஒவ்வொருவரையும் தேடிப்போய்ப் பார்த்து, 1966-ல் முடிவை வெளியிட்டார். அனுப்பப்பட்ட 13 பேரும் சொந்தக் காலில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் 11 பேரைச் சிறுவயதிலேயே குடும்பங்கள் தத்தெடுத்திருந்தன. விடுதியிலேயே விடப்பட்ட 12 பேரில் ஒருவர் இளம்வயதில் இறந்துபோயிருந்தார், நான்கு பேர் அப்போதும் காப்பகங்களில்தான் இருந்தார்கள். அதே காலத்தில் ஹ்யூபெல், வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைப் பிறந்த முதல் சில வாரங்கள் மூடி வைத்தால், பிறகு திறந்தாலும் மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தக் கற்பதில்லை என்று காட்டினார்கள். மூளைக்கு ஒரு காலம் உண்டு, அது காத்திருக்காது. இந்த வேலைக்கு 1981-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

'ஒரு ஆறு மாசம் பார்க்கலாம்'னு நாங்க பார்த்த பன்னிரண்டு மாசத்தை நினைச்சு நான் அன்னைக்குத் தூங்கல.

1968-ல் அமெரிக்க நாடாளுமன்றம், குறைபாடுள்ள சின்னக் குழந்தைகளுக்கான மாதிரித் திட்டங்களுக்கு நிதி கொடுக்கத் தனிச் சட்டம் போட்டது. அந்தப் பணத்தில் 1969-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் போர்ட்டேஜ் என்ற சிற்றூரில் ஒரு திட்டம் தொடங்கியது. கிராமப்புறம், வீடுகள் தூரம் தூரமாக இருக்கும். குழந்தைகளைச் சென்டருக்கு வரச் சொன்னால் வர முடியாது. அதனால் பயிற்சி பெற்ற ஒருவர் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போவார். குழந்தைக்கு அவர் சொல்லிக் கொடுப்பதைவிட, அம்மாவுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் முக்கிய வேலை. மீதி ஆறு நாளும் அம்மாதான் தெரபிஸ்ட். இந்த முறை உலகம் முழுக்கப் பரவியது, இந்தியாவுக்கும் வந்தது.

1975-ல் வந்த கல்விச் சட்டம், குறைபாடுள்ள ஒவ்வொரு குழந்தையையும் தேடிக் கண்டுபிடிப்பது மாநிலத்தின் கடமை என்றது. அதற்குப் பெயரே 'சைல்ட் ஃபைண்ட்'. கடைசியாக 1986-ல்தான், பிறந்ததிலிருந்து மூன்று வயசு வரையான குழந்தைகளுக்கான சேவை சட்டத்தில் வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்க. ஆலன் சங்கம் தொடங்கி 67 வருஷம். ஸ்கீல்ஸ் முதல் ஆய்வை வெளியிட்டு 47 வருஷம். அந்த இடைவெளியில், குழந்தைகளின் தெரபி ஸ்டிக்கர் காசிலும் உண்டியல் காசிலும்கூட ஓடியது.

இப்போ அந்தப் படத்துக்கு வருவோம்.

ஈஸ்டர் முத்திரைக்குப் பிறகு மற்றவர்களும் அதே வழியில் போனார்கள். 1938-ல் ரூஸ்வெல்ட் தொடங்கிய போலியோ நிதிக்கு, ஆளுக்குப் பத்து சென்ட் நாணயத்தை நேராக வெள்ளை மாளிகைக்கே அனுப்பச் சொன்னார்கள். வந்து குவிந்தவை 26 லட்சத்து 80 ஆயிரம் நாணயங்கள். பிறகு ஒவ்வொரு வருடமும் ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து, பிரேஸோடும் ஊன்றுகோலோடும் போஸ்டரில் போடுவது வழக்கமானது. 'போஸ்டர் சைல்ட்' என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதான். அப்புறம் டிவி வந்தது, விடிய விடிய நடக்கும் நிதி திரட்டும் நிகழ்ச்சிகள் வந்தன.

1950-களில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் அப்படிப் போஸ்டரில் வந்த ஒரு குழந்தை சிண்டி ஜோன்ஸ். மேடை, பாராட்டு எல்லாம் அவருக்குப் பிடித்திருந்தது. ஒரு நாள் வகுப்பில் தடுப்பூசி பிரச்சாரத்துக்கான துண்டறிக்கை ஒன்றை எல்லோருக்கும் கொடுத்தார்கள். மேலே கைகோத்து ஓடும் குழந்தைகளின் படம், 'இது' என்று எழுதியிருந்தது. கீழே இவருடைய படம், 'இது வேண்டாம்' என்று. வகுப்பே பார்த்தது. பின்னாளில் மாற்றுத்திறனாளிகளுக்கான பத்திரிகை நடத்திய ஜோன்ஸ், வளர்ந்த பிறகு திரும்பத் திரும்பச் சொன்ன சம்பவம் இது. பணம் நல்ல காரியத்துக்குத்தான் போனது. தடுப்பூசி லட்சக்கணக்கான குழந்தைகளைக் காப்பாற்றியது. அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த ஆறு வயசுப் பெண்ணிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

1981-ல் ஈவன் கெம்ப் என்ற வழக்கறிஞர், நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். தசைநார் குறைபாட்டால் சக்கர நாற்காலியில் இருந்தவர். அப்படிப்பட்ட குழந்தைகளுக்காக நிதி திரட்டும் ஒரு பெரிய சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவருடைய பெற்றோரும் உண்டு. அந்தச் சங்கத்தின் டிவி நிகழ்ச்சியைத்தான் அவர் விமர்சித்தார். அவர் வாதம் எளிமையானது. பரிதாபத்தைக் காட்டிப் பணம் வாங்கினால், பார்ப்பவர் மனதில் நிற்பது பரிதாபம்தான். அந்தக் குழந்தை வளர்ந்து வேலை கேட்டு வரும்போது, வீடு வாடகைக்குக் கேட்கும்போது, எதிரில் இருப்பவர் அதே போஸ்டர் குழந்தையைத்தான் பார்ப்பார். 1990-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அதிபர் புஷ் கையெழுத்திடும் பிரபலமான போட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் இந்தக் கெம்ப்.

ஆலன் கெட்டவரா? இல்லவே இல்ல. ஒளித்து வைக்கப்பட்ட குழந்தையை வெளியே கொண்டுவர, அவர் காலத்தில் அந்தப் படம் தேவைப்பட்டது. 'இப்படி ஒரு குழந்தை இருக்கு'ன்னு உறை மேல் ஒட்டிக் காட்டாமல், யாரும் கதவைத் திறந்திருக்க மாட்டார்கள். ஆனால் வெளியே வந்த குழந்தை அந்த உறையை விட்டு இறங்க இன்னொரு அறுபது வருஷம் போராட வேண்டியிருந்தது.

நம்ம நாட்டிலும் இந்த வேலையைப் பெரும்பாலும் பெற்றோர்கள்தான் தொடங்கினார்கள். மிது ஆலூர் மகள் மாலினிக்கு மூளை முடக்குவாதம். இங்கிலாந்தில் கிடைத்த பயிற்சி இங்கே இல்லை என்று பார்த்து, 1972-ல் மும்பையில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார். அந்த மாலினி சிப் வளர்ந்து, பட்டங்கள் வாங்கி, ஒற்றை விரலால் தட்டச்சு செய்து தன் வாழ்க்கையைத் தானே புத்தகமாக எழுதினார். அரசுத் தரப்பில், 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில், நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் போய்க் குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. தொடர் சிகிச்சைக்கு மாவட்ட அளவில் இடையீட்டு மையங்கள். உங்க வீட்டுல, பக்கத்து வீட்டுல ஒரு குழந்தை பற்றிச் சந்தேகம் இருந்தா, 'பார்க்கலாம்'னு இருக்காம அங்கே கூட்டிட்டுப் போங்க. செலவில்லை.

மாலினி பற்றிப் படிச்ச அன்னைக்கு ராத்திரி அக்காவுக்கு போன் பண்ணேன். "போட்டோவை எடுத்துட்டேன்க்கா." "சரிடா," அவ்வளவுதான் சொன்னா. நான் ஒரு வாரமா சேர்த்து வச்ச வாதம் எதையும் கேட்கவே இல்ல.

இப்போ வெப்சைட்ல குழந்தை படம் கிடையாது. ஒரு கணக்குப் பட்டியல் இருக்கு. ஒரு அம்மாவும் குழந்தையும் ஒரு தடவை தெரபிக்கு வந்து போக எவ்வளவு ஆகும்? ரயில், பஸ், ஆட்டோ, மத்தியானச் சாப்பாடு, போகாம விட்ட கூலி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி. யார் வேணும்னாலும் ஒரு வரியை மட்டும் ஏத்துக்கலாம். டென்மார்க் தபால்காரர்கிட்டேர்ந்து நாங்க எடுத்துக்கிட்டது இதைத்தான். உண்மையைச் சொல்லணும்னா, முதல் மாசம் வந்தது 41 பேர்தான். போட்டோ இருந்திருந்தா கூட வந்திருக்கும், அதை நான் மறுக்கல.

அந்தப் பணத்துல முதல் செலவு ஒரு ஆட்டோ அண்ணன். வாரம் மூணு நாள் ஸ்டேஷன்லேர்ந்து தெரபி சென்டருக்கும், திரும்ப ஸ்டேஷனுக்கும். இப்போதைக்கு மூணு அம்மாக்கள். திருத்தணி பக்கத்து அக்காவைத் தேட மட்டும் ரெண்டு ஞாயிறு ஆச்சு. சென்டர்ல இருந்த நம்பர் மாறிட்டது. கடைசியில அந்த ஊர் அங்கன்வாடி டீச்சர்தான் அவங்ககிட்ட பேசிச் சம்மதம் வாங்கி, வீட்டைக் காட்டினாங்க. கதவைத் தட்டினோம். போன வாரத்துலேர்ந்து திரும்ப வர்றாங்க.

ரெக்கார்டிங்குக்கு முன்னாடி, இந்த எபிசோடோட ஸ்கிரிப்டை அக்காகிட்ட படிக்கக் கொடுத்தேன். ஒரே ஒரு திருத்தம் பண்ணா. நான் 'செரிபிரல் பால்ஸியால் பாதிக்கப்பட்ட குழந்தை'ன்னு எழுதியிருந்தேன். 'பாதிக்கப்பட்ட' மேல கோடு போட்டு, 'செரிபிரல் பால்ஸி உள்ள'ன்னு மாத்தி எழுதினா. பக்கத்துல உட்கார்ந்திருந்த குட்டி பேனாவைப் பிடுங்கி, அதுக்குக் கீழே அவன் பங்குக்கு ஒரு கோடு இழுத்தான்.